காப்பகத்துப் பூனையைத் தத்தெடுப்பது எப்படி: சென்னை வீடுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பூனையைத் தேடத் தொடங்கும் முன் வீட்டைத் தயார் செய்யுங்கள். ஜன்னலுக்கு வலை இல்லை, வீட்டில் ஒருவருக்குச் சம்மதமே இல்லை, தீபாவளிக்கு மூன்று நாள் இருக்கும்போது குட்டியைக் கொண்டுவந்துவிட்டார்கள்: காப்பகத்துக்குத் திரும்பி வரும் பூனைகளைப் பற்றி விசாரித்தால் இப்படி ஏதாவது ஒன்று இருக்கும். பூனைமேல் குறை இருக்காது. அதனால்தான் இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல், பூனை வருவதற்கு முன்பும் வந்த முதல் சில நாட்களிலும் செய்ய வேண்டியவற்றைப் பற்றியே எழுதியிருக்கிறேன். சென்னையை மனதில் வைத்து எழுதினாலும் மதுரைக்கும் கோவைக்கும் இவை பொருந்தும்.

வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள்

வீட்டுக்குள்ளேயே வளரும் பூனை 15 வருடம் வாழும். அதைத் தாண்டியும் வாழ்வதுண்டு. கல்லூரியில் படிக்கும் மகள் ஆசைப்பட்டுக் கேட்கிறாள் என்றால், அவள் வேலைக்கு வெளியூர் போன பிறகு பார்த்துக்கொள்ளப் போவது பெற்றோர்தான். அவர்களுக்குச் சம்மதமா என்று கேட்டுவிடுங்கள். ஊருக்குப் போனால் யார் சாப்பாடு வைப்பார்கள், பூனை மலம், சிறுநீர் கழிக்கும் மணல் தட்டை யார் சுத்தம் செய்வார்கள், மருத்துவச் செலவு யாருடையது? மூன்றுக்கும் ஒரு பெயர் சொல்ல முடிய வேண்டும். "எல்லாரும் சேர்ந்து பார்த்துக்கலாம்" என்பது பதில் ஆகாது.

பூனை முடியால் ஆஸ்துமா வரும் என்ற பயம் பல வீடுகளில் இருக்கிறது. ஒவ்வாமையைக் கிளப்புவது முடி அல்ல. பூனையின் எச்சிலிலும் தோலிலும் உள்ள ஒரு புரதம். பூனை தன்னை நக்கிக்கொள்ளும்போது அது முடியில் ஒட்டி வீடு முழுக்கப் பரவுகிறது. எனவே முடி குறைவான பூனையாகத் தேர்ந்தெடுத்தால் தப்பிக்கலாம் என்று நம்ப வேண்டாம். யாருக்காவது மூச்சிரைப்பு இருந்தால், பூனை வளர்க்கும் நண்பர் வீட்டில் சில தடவை நன்றாக நேரம் செலவிட்டுப் பார்க்கட்டும். தொந்தரவு இருந்தால் மருத்துவரிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

கர்ப்பிணி இருக்கும் வீடு என்றால் டாக்ஸோபிளாஸ்மா என்ற கிருமியைப் பற்றிச் சொல்வார்கள். அது உண்மையான அபாயம்தான், ஆனால் தடுக்கக்கூடியது. பூனையின் கழிவில் வெளிவரும் அந்தக் கிருமி, தொற்றும் நிலைக்கு வரக் குறைந்தது ஒரு நாள் ஆகும். தட்டைத் தினமும், கர்ப்பிணி அல்லாத வேறொருவர் சுத்தம் செய்ய வேண்டும். பூனைக்குப் பச்சை இறைச்சி கொடுக்கக் கூடாது. இதைக் கடைப்பிடித்தால் பூனையை வெளியேற்ற வேண்டிய அவசியம் வராது.

அடுக்குமாடிச் சங்கம் "இங்கே பூனை வளர்க்கக் கூடாது" என்று தீர்மானம் போட முடியாது. பெரும்பான்மை வாக்கு இருந்தாலும் செல்லப்பிராணிகளுக்குத் தடை விதிக்கக் கூடாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இல் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. வாடகை வீடு வேறு விஷயம். வீட்டுக்காரரிடம் முன்பே சொல்லி, முடிந்தால் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். மறைத்து வளர்த்து, தெரிந்த அன்று பூனையைக் கைவிடும்படி ஆவதுதான் மிகக் கொடுமை.

ஜன்னலும் பால்கனியும்

இந்த வேலை முடியும் வரை பூனை வரக் கூடாது. பூனை விழுந்தாலும் காலூன்றித்தான் விழும், அதற்கு ஒன்றும் ஆகாது என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். மாடியிலிருந்து விழுந்து தாடை பிளந்து, நுரையீரல் அடிபட்டு, கால் முறிந்து மருத்துவமனைக்கு வரும் பூனைகள் ஏராளம். புறாவையோ பல்லியையோ பார்த்துவிட்டால் பூனைக்கு உயரம் நினைவிருக்காது.

நம் ஜன்னல் கம்பிகளின் இடைவெளியில் குட்டி தாராளமாக நுழைந்துவிடும். தலை போனால் உடல் போகும். புறாவுக்காகக் கட்டும் நைலான் வலையைக் கடித்து ஓட்டை போடும் பூனைகளும் உண்டு, அதனால் ஜன்னலுக்குத் துருப்பிடிக்காத எஃகு கொசுவலை நல்லது. பால்கனியில் நைலான் வலைதான் கட்ட முடியும் என்றால் கெட்டியான ரகமாகப் பாருங்கள். மேலும் கீழும் பக்கவாட்டிலும் கொக்கிகள் நெருக்கமாக இருக்கட்டும். கட்டி முடித்ததும் கீழ் ஓரத்தைக் கையால் தள்ளிப் பாருங்கள். உங்கள் கை வெளியே போனால் பூனையும் போகும். குளியலறை எக்ஸாஸ்ட் ஓட்டை, ஏசி குழாய்க்காகச் சுவரில் போட்ட துளை, சமையலறைச் சாளரம் ஆகியவற்றை எல்லாரும் மறப்பார்கள்.

எங்கே தேடுவது

சென்னையில் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது, கேப்டன் சுந்தரமும் அவர் மனைவி உஷாவும் 1959இல் தொடங்கி, 1964இல் பதிவு செய்த புளூ கிராஸ் என்ற விலங்குநல அமைப்பு. கிண்டியில், வேளச்சேரி மெயின் ரோட்டில் இருக்கிறது. இது தவிர சிறு காப்பகங்களும், மீட்ட பூனைகளைத் தங்கள் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளும் தன்னார்வலர்களும் நிறைய இருக்கிறார்கள். இவர்களை ஃபாஸ்டர் என்பார்கள். முதன்முறை பூனை வளர்ப்பவர்களுக்கு நான் ஃபாஸ்டர் வீட்டுப் பூனையைத்தான் சிபாரிசு செய்வேன். அது மிக்ஸி சத்தத்துக்கு எப்படிப் பயப்படும், குழந்தைகளிடம் எப்படி நடந்துகொள்ளும், எந்த மணலில் போகும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. பெரிய காப்பகத்தில், நூறு விலங்குகளுக்கு நடுவில் மிரண்டு கிடக்கும் பூனையின் உண்மையான சுபாவம் அங்கே தெரியாது. அதற்காக மூலையில் ஒடுங்கியிருக்கும் பூனையை ஒதுக்கிவிடாதீர்கள். வீட்டுக்கு வந்த சில வாரத்தில் ஆளே மாறிப்போகும் பூனைகள் அவை.

குட்டியா, வளர்ந்ததா

எல்லாரும் குட்டிதான் கேட்கிறார்கள். ஆனால் இருவரும் வேலைக்குப் போகும் வீட்டுக்கு இரண்டு வயதுப் பூனை எவ்வளவோ பொருத்தம். அதன் குணம் படிந்திருக்கும், தட்டில் போகத் தெரிந்திருக்கும், திரையில் ஏறித் தொங்காது. பெரும்பாலும் கருத்தடை, தடுப்பூசி எல்லாம் முடிந்திருக்கும். வளர்ந்த பூனை ஒட்டாது என்பது கட்டுக்கதை.

குட்டிதான் வேண்டும் என்றால் எட்டு வாரம் நிறையாததை எடுக்காதீர்கள். தாயிடமும் கூடப் பிறந்தவையிடமும் இருக்கும் அந்த நாட்களில்தான் எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பதைக் குட்டி கற்றுக்கொள்கிறது. நான்கு மாதத்துக்குள் உள்ள குட்டி என்றால் இரண்டாக எடுங்கள் என்று பல காப்பகங்கள் சொல்லும். ஒன்றைத் தள்ளிவிடப் பார்க்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். தனிக்குட்டி விளையாட ஆள் இல்லாமல் உங்கள் கையையும் காலையும்தான் கடிக்கும்.

ஒற்றைக்கண் பூனைகளையும் பாருங்கள். குட்டிப் பருவத்தில் ஹெர்பீஸ் வைரஸ் தொற்றி, கவனிப்பாரின்றிக் கண்ணை இழந்தவை பல உண்டு. வீட்டுக்குள் வளர ஒரு கண் போதும். ஓடும், குதிக்கும், பல்லி பிடிக்கும். கறுப்புப் பூனைகளும் சகுனப் பேச்சால் கடைசிவரை காத்திருப்பவை. பெர்சியன் பூனை இலவசமாகக் கிடைக்கிறது என்று தாவ வேண்டாம். தினமும் முடி வாராவிட்டால் சடை பிடித்துத் தோல் புண்ணாகும், தட்டை முகத்தால் மூச்சுத் தொந்தரவு வரும், நம் வெயிலும் அதற்கு ஆகாது.

நேரில் பார்க்கும்போது

தரையில் உட்காருங்கள். பூனையைத் தூக்காதீர்கள். ஒரு விரலை அதன் மூக்கு உயரத்தில் நீட்டி அசையாமல் வையுங்கள். மோந்து பார்த்துவிட்டுக் கன்னத்தைத் தேய்த்தால் தொடலாம். முகத்தை முறைத்துப் பார்க்காமல், மெல்லக் கண்ணை மூடித் திறவுங்கள். இப்படிச் செய்யும் மனிதரிடம் பூனை நெருங்கி வர வாய்ப்பு கூடுகிறது என்று பிரிட்டனின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் பரிசோதித்துக் காட்டினார்கள்.

அப்புறம் உடல்நிலை. கண்ணில் பீளை, மூக்கில் சளி, தும்மல் இருக்கிறதா? காதுக்குள் காபித்தூள் போலக் கறுப்பு அழுக்கு இருந்தால் காதுப்பூச்சி. முடி வட்டவட்டமாக உதிர்ந்திருந்தால் படர்தாமரையாக இருக்கலாம். அது மனிதருக்கும் ஒட்டும். வயிறு மட்டும் உப்பியிருந்தால் குடற்புழு. இவை எல்லாமே குணமாகக் கூடியவைதான், ஆனால் சிகிச்சை தொடங்கிவிட்டதா என்று தெரிந்துகொண்டு எடுங்கள். வளர்ந்த பூனை என்றால் பூனைக்குப் பூனை தொற்றும் எஃப்ஐவி, எஃப்இஎல்வி வைரஸ்களுக்கான பரிசோதனை செய்தார்களா என்றும் கேளுங்கள். வீட்டில் ஏற்கெனவே பூனை இருந்தால் இது கட்டாயம்.

பார்க்கும்போது பூனை கீறினாலோ கடித்தாலோ, அந்த இடத்தை ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவரைப் பாருங்கள். வெறிநோய்த் தடுப்பூசி அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கும். தெருவிலிருந்து மீட்ட விலங்கு விஷயத்தில் அலட்சியம் கூடவே கூடாது.

படிவமும் கேள்விகளும்

ஆதார் நகல் கேட்பார்கள், வலை கட்டிய ஜன்னலைப் படம் எடுத்து அனுப்பச் சொல்வார்கள், சிலர் வீட்டுக்கே வந்து பார்ப்பார்கள். தெருவில் கிடந்த பூனைக்கு இவ்வளவு விசாரணையா என்று சிலருக்குக் கோபம் வருகிறது. இரவெல்லாம் விழித்துப் பாட்டிலில் பால் கொடுத்துக் காப்பாற்றிய உயிரை முன்பின் தெரியாதவரிடம் கொடுக்கிறார்கள். இலவசமாக வாங்கி விற்பவர்களும், ஒரு மாதத்தில் சலித்துப்போய்த் தெருவில் விடுபவர்களும் இருக்கிறார்கள். கேள்வியே கேட்காமல் பூனையைக் கையில் திணிக்கும் இடத்தைப் பார்த்துத்தான் நான் தயங்குவேன்.

தடுப்பூசிப் புத்தகம், குடற்புழு மருந்து கொடுத்த தேதி, கருத்தடைச் சான்று, இப்போது சாப்பிடும் உணவின் பெயர், பயன்படுத்தும் மணல் வகை ஆகியவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒத்துவராவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்வார்களா என்பதையும் இப்போதே கேளுங்கள். குட்டியாக எடுத்தால், வயது வந்ததும் கருத்தடை செய்வேன் என்று கையெழுத்து வாங்குவார்கள். அதை நிறைவேற்றுங்கள்.

வாங்கி வைக்க வேண்டியவை

பட்டியல் சின்னது. கெட்டியான பிளாஸ்டிக் கூண்டு, அதாவது கேரியர். மேல்மூடி தனியாகக் கழலக் கூடியதாக இருந்தால் மருத்துவரிடம் உதவும். அகலமான மணல் தட்டு ஒன்று. பூனைகளின் எண்ணிக்கையைவிடத் தட்டு ஒன்று கூடுதலாக இருப்பது நல்லது. கிண்ணங்கள், நகம் கீற ஒரு கயிறு சுற்றிய கட்டை, விளையாட ஒரு குச்சியில் கட்டிய நாடா. விலை கூடிய பூனை மெத்தை வேண்டாம். அட்டைப்பெட்டியில்தான் போய்ப் படுக்கும்.

மணல் இரண்டு அங்குல உயரத்துக்கு இருக்கட்டும். முதல் மாதம் காப்பகத்தில் பயன்படுத்திய அதே வகையையே போடுங்கள். தட்டைச் சாப்பாட்டுப் பக்கத்திலோ வாஷிங் மெஷின் பக்கத்திலோ வைக்காதீர்கள். ஒரு முறை போய்க்கொண்டிருக்கும்போது மெஷின் அதிர்ந்தால் போதும், அப்புறம் அந்தத் தட்டுப் பக்கமே வராது.

கொண்டுவரும் நாள்

விடுமுறையோடு சேர்ந்த நாளாகப் பாருங்கள். தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரம், வீட்டு விசேஷம், பெயிண்ட் வேலை எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. மே மாத மதியத்தில் கொண்டுவராதீர்கள். கேரியரில் பழைய துண்டு ஒன்றை விரித்து, மேலே மெல்லிய துணியால் மூடினால் பயம் குறையும். ஆட்டோவில் மடியில் வைத்துக்கொள்ளலாம். பையில் போட்டு டூவீலரில் கொண்டுவருவது ஆபத்து, ஒரு ஹாரன் சத்தத்தில் குதித்து ஓடிவிடும். வழியில் எவ்வளவு கத்தினாலும் கூண்டைத் திறக்காதீர்கள்.

முதல் அறை

மொத்தத்தில் எதைச் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள்: பூனையை நேராக ஓர் அறைக்குக் கொண்டுபோய்க் கதவைச் சாத்துங்கள். முதல் நாளே வீடு முழுக்கத் திறந்துவிடுவது அன்பு என்று தோன்றும். பூனைக்கு அது அச்சம்தான். தட்டு ஒரு மூலை, தண்ணீரும் சாப்பாடும் எதிர் மூலை, ஒளிந்துகொள்ள ஒரு பெட்டி. கேரியர் கதவைத் திறந்து வைத்துவிட்டு விலகுங்கள். அது வெளியே வர ஐந்து நிமிடம் ஆகலாம், ஐந்து மணி நேரமும் ஆகலாம்.

நேராகக் கட்டிலுக்கு அடியில், சுவரோரம் போய் உட்காரும். கண்மணி பெரிதாக விரிந்திருக்கும், காது பக்கவாட்டில் படிந்திருக்கும். இழுக்காதீர்கள். அந்த அறையில் போய் உட்கார்ந்து புத்தகம் படியுங்கள், ஃபோனில் மெதுவாகப் பேசுங்கள். முதல் இரவு ராத்திரி இரண்டு மணிக்கு உலர் உணவு உருண்டைகளை நொறுக்கும் சத்தம் கேட்டால் நல்ல செய்தி. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பார்க்க வருவதெல்லாம் இரண்டு வாரம் கழித்து. மிரட்சி அடங்க மூன்று நாள், வீட்டுப் பழக்கம் பிடிபட மூன்று வாரம், இது என் வீடு என்று நினைக்க மூன்று மாதம் என்று பூனைகளை மீட்பவர்கள் சொல்வார்கள். தோராயக் கணக்குதான், ஆனால் அந்தப் பொறுமை தேவை.

பூனை நன்றாகச் சாப்பிட்டு, தட்டில் போய், வாலைத் தூக்கிக்கொண்டு உங்களை நோக்கி வந்தால் அடுத்த அறையைத் திறக்கலாம். ஒளிந்திருப்பது பரவாயில்லை, பட்டினி கிடப்பதை அப்படி விட்டுவிடக் கூடாது. வளர்ந்த பூனை முழுதாக ஒரு நாள் எதையும் தொடாவிட்டால் மருத்துவரை அழையுங்கள். பட்டினி நீண்டால் கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்தாகும். குட்டி என்றால் அவ்வளவு நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது. ஆண் பூனை தட்டில் திரும்பத் திரும்ப உட்கார்ந்து முக்கியும் சிறுநீர் வராவிட்டால், அந்த நிமிடமே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

சாப்பாடு

முதல் வாரம் காப்பகத்தில் கொடுத்ததையே கொடுங்கள். மாற்றுவதானால் ஒரு வாரம் பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றுங்கள்.

பால்சோறு, தயிர்சாதத்தில் பூனை வளராது. அது இறைச்சி தின்றே வாழ வேண்டிய பிராணி. டாரின் என்ற சத்து அதற்கு உணவிலிருந்துதான் கிடைக்க வேண்டும். குறைந்தால் பார்வை போகும், இதயம் பலவீனமாகும். அந்த இதய நோய்க்கும் டாரின் குறைவுக்கும் உள்ள தொடர்பைக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் 1987இல் வெளியிட்டார்கள். அதன் பிறகே பூனை உணவுகளில் டாரின் அளவைக் கூட்டினார்கள். சைவ வீடுகள் இதை நேர்மையாக யோசிக்க வேண்டும். வீட்டில் மீன் சமைக்க முடியாது என்றால் கடையில் கிடைக்கும் முழுமையான பூனை உணவு போதும். அதையும் வீட்டுக்குள் கொண்டுவர மனமில்லை என்றால் பூனை வேண்டாம்.

மீன் கொடுப்பவர்கள் உப்பு, மசாலா சேர்க்காமல் வேகவைத்து, முள் எடுத்துக் கொடுங்கள். பச்சை மீன் பழக்கமானால் பி1 வைட்டமின் குறையும். கருவாட்டில் உப்பு அதிகம். பால் பெரும்பாலான வளர்ந்த பூனைகளுக்கு வயிற்றுப்போக்கைக் கொடுக்கும், தண்ணீர்தான் நல்லது.

வீட்டில் இருக்கும் விஷங்கள்

இதைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டி வைத்தால்கூட நல்லது. பாராசிட்டமால் பூனையைக் கொல்லும். காய்ச்சல் போலிருக்கிறதே என்று நாம் போடும் மாத்திரையில் பாதியைக் கொடுத்தால்கூடப் பிழைப்பது கஷ்டம். தரை துடைக்கும் பினாயிலும் அப்படித்தான்: நடந்த பாதத்தை நக்கும்போது உள்ளே போகும். பூனையின் கல்லீரலால் இந்த வகை வேதிப்பொருளை எளிதில் வெளியேற்ற முடியாது. வெந்நீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் போதும். நாய்க்கான பெர்மெத்ரின் கலந்த உண்ணி மருந்து, அந்துருண்டை, கற்பூரம், வெங்காயம், பூண்டு, பூச்செண்டில் வரும் லில்லி, தோட்டத்துச் செங்காந்தள் ஆகிய எதுவும் பூனைக்கு எட்டக் கூடாது.

மருத்துவர், தடுப்பூசி, கருத்தடை

வந்த முதல் வாரத்துக்குள் ஒரு முறை காட்டிவிடுங்கள். வேப்பேரியில் 1903இல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை எல்லாருக்கும் திறந்திருக்கிறது. இடம் மாறிய அலைச்சலில் அடங்கிக் கிடந்த ஹெர்பீஸ் மறுபடி கிளம்பித் தும்மல் வருவது சகஜம்.

ட்ரைகேட் என்று எல்லாரும் சொல்லும் தடுப்பூசி மூன்று வைரஸ்களுக்கானது. ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில், 16 வாரம் வரை போடுவார்கள். வெறிநோய் ஊசி 12 வாரத்துக்குப் பிறகு, அப்புறம் மருத்துவர் சொல்லும் இடைவெளியில். ட்ரைகேட் தடுக்கும் மூன்று வைரஸ்களில் பான்லூகோபீனியா குட்டிகளைக் கூட்டமாகக் கொல்வது. உங்கள் வீட்டில் முன்பு ஒரு குட்டி அந்த நோயில் இறந்திருந்தால், ஊசி முடிக்காத குட்டியை இப்போது கொண்டுவராதீர்கள். அந்த வைரஸ் தரையிலும் துணியிலும் பல மாதம் உயிரோடிருக்கும். பிளீச் கரைசல்தான் அதைக் கொல்லும்.

ஒரு தடவை குட்டி போடட்டும், அப்புறம் கருத்தடை செய்யலாம் என்பது வேண்டாம். பெண் பூனை நான்கு மாதத்திலேயே சினையாகலாம். கர்ப்பம் ஒன்பது வாரம்தான். ஐந்து மாதத்தையொட்டி மருத்துவரிடம் தேதி வாங்கிவிடுங்கள். ஆண் பூனைக்கும் செய்தால் சுவரெல்லாம் சிறுநீர் அடிப்பது பெரும்பாலும் வராது. சென்னை மாநகராட்சி பூனைகளுக்கும் உரிமம் வழங்குகிறது, வெறிநோய் ஊசிச் சான்றோடு இணையத்தில் விண்ணப்பிக்கலாம்.

வீட்டில் வேறு பூனை, நாய் இருந்தால்

இரண்டு வாரம் தனி அறை, நோய்க்காகவும் பழக்கத்துக்காகவும். புதியது படுத்த துணியைப் பழையதன் பக்கத்திலும், பழையதன் துணியைப் புதியதன் அறையிலும் போடுங்கள். மூடிய கதவின் இரண்டு பக்கமும் சாப்பாடு வையுங்கள். சீறல் அடங்கிய பிறகு வலை வழியாகப் பார்க்கட்டும், அதன் பிறகே நேரில். நாய் என்றால் கயிற்றில் பிடித்துக்கொண்டு, பூனை ஏறித் தப்பிக்க உயரமான இடம் ஒன்று இருக்கும்படி அறிமுகம் செய்யுங்கள்.

ஒத்துவராவிட்டால்

எல்லாம் சரியாகச் செய்தும் சில சமயம் முடியாமல் போகும். ஒவ்வாமை கடுமையாகலாம், வேலை போகலாம். அப்போது கொடுத்த இடத்துக்கே தகவல் சொல்லுங்கள். வெட்கப்பட எதுவும் இல்லை. மீன் மார்க்கெட்டில் விட்டால் பிழைத்துக்கொள்ளும் என்று நினைக்காதீர்கள். வீட்டுக்குள் வளர்ந்த பூனை அங்கே மற்ற பூனைகளிடமும் நாய்களிடமும் சிக்கித்தான் சாகும். பசியாலும் தாகத்தாலும் துன்பப்படும்படி ஒரு விலங்கைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி குற்றமும்கூட. காப்பகத்தில் இடம் கிடைக்கச் சில வாரம் ஆகலாம். அதுவரை பூனை உங்களிடமே இருக்கட்டும். திருப்பிக் கொடுக்கும்போது தடுப்பூசிப் புத்தகத்தோடு, அது என்ன சாப்பிடும், எதற்குப் பயப்படும், எங்கே தடவினால் பிடிக்கும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அடுத்து எடுப்பவருக்கு அது வேண்டும்.